டிராயிங்கில் 192, மாடலில் 190: ஒரு மோட்டார் பிராக்கெட்டின் நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

கோவையில் பம்ப் பாகங்களை மெஷினிங் செய்து கொடுக்கும் ஒரு கடையில், டிசைன் பிரிவு என் பொறுப்பில் இருந்தபோது நடந்தது இது. 40 வார்ப்புகள் கொண்ட ஒரு லாட்டில் 34 பீஸ் தவறான இடத்தில் துளை போட்டு முடிந்துவிட்டன. புரோகிராம் போட்டவரும் மிஷினில் நின்றவரும் சரியாகத்தான் வேலை செய்திருந்தார்கள். டிராயிங்கில் இருந்த எண்ணும் சரியானதுதான். ஆனால் அந்த எண்ணுக்கும் அதன் பின்னால் இருந்த மாடலுக்கும், அதாவது கணினியில் செய்த 3டி உருவத்துக்கும், எந்தத் தொடர்பும் இல்லை. அது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

இதே நிலைமை வேறு கடைகளிலும் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கடை, வாடிக்கையாளர், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

பாகம் ஒரு வார்ப்பிரும்பு பிராக்கெட். மோட்டாரையும் பம்ப் உறையையும் இணைப்பது அதன் வேலை. ஒரு பக்கத்தில் மோட்டார் ஃபிளேஞ்ச் (போல்ட் போடும் வட்ட விளிம்பு) உட்காரும். அந்தப் பக்கத்து அளவுகள் ஐஇசி என்ற சர்வதேச மின்சாதனத் தரத்தில் வருபவை. 90 ஃபிரேம் (மோட்டாரின் அளவு எண்) மோட்டார் என்றால் எஃப்எஃப்165 ஃபிளேஞ்ச்: ஸ்பிகாட் (நடுவாக உட்கார வைக்கும் வட்டப் படி) 130 மிமீ, பிசிடி (துளை மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 165 மிமீ, நான்கு துளை. 100, 112 ஃபிரேம் என்றால் எஃப்எஃப்215: ஸ்பிகாட் 180, பிசிடி 215. இவற்றை யாரும் மாற்றப் போவதில்லை. மறுபக்கம் பம்ப் உறை. அது வாடிக்கையாளரின் சொந்த டிசைன் என்பதால் அவர் நினைத்தால் மாறும். அங்கே 11 மிமீ துளை எட்டு, அவற்றின் வழியாக எம்10 போல்ட். உறை பிராக்கெட்டில் நடுவாக உட்காருவது ஸ்பிகாட்டை வைத்து. போல்ட்டுக்குப் பிடித்து வைக்கும் வேலை மட்டும்தான்.

கடையின் டிராயிங்குகள் மூன்று காலத்தைத் தாண்டி வந்தவை. முதலில் போர்டில் வரைந்தவை. பிறகு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றியவை. அதன் பிறகு சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி மென்பொருள் வந்ததும், பழைய பிரிண்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் செய்து, அதிலிருந்து டிராயிங் எடுத்தோம். ஆனாலும் கடைக்குள் எல்லோருக்கும் வேதவாக்கு காகிதம்தான். மாடல் என்பது டிராயிங்கின் வியூக்களை வரைந்து தரும் ஒரு கருவி, அவ்வளவே. துளை போடுவது ரேடியல் டிரில்லிங் மிஷினில், ஜிக் (துளை விழும் இடத்துக்கு வழிகாட்டும் சாதனம்) வைத்து. அந்த ஜிக்கையும் டூல்ரூம்காரர் டிராயிங்கைப் பார்த்துத்தான் செய்தார்.

இந்த ஏற்பாட்டில் மாடல் தவறாக இருந்தாலும் பாகம் சரியாகவே வரும். பல வருடம் அப்படித்தான் வந்தது.

பிறகு விஎம்சி (கணினி புரோகிராமில் ஓடும் மெஷினிங் மிஷின்) வாங்கினோம். புரோகிராமர் மாடலைத் திறந்து, துளைகளைச் சொடுக்கி, அதிலிருந்தே கருவிப்பாதை எடுத்தார். ஜிக் தேவையில்லாமல் போனது, நேரமும் மிச்சம். டிராயிங்கை அவர் பார்த்தது டாலரன்ஸுக்கும் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) மேற்பரப்புக் குறியீட்டுக்கும் மட்டும். எங்களுக்கே தெரியாமல் அன்றைக்குச் சட்டம் மாறிவிட்டது. டிராயிங் இருந்த இடத்தில் மாடல் வந்து உட்கார்ந்துகொண்டது. இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பேசியிருக்க வேண்டியது நான்.

நடந்தது

இந்த பிராக்கெட் விஎம்சிக்கு வந்த முதல் லாட் 40 பீஸ். ஃபர்ஸ்ட் பீஸ் இன்ஸ்பெக்ஷனில் தேறியது. 34 முடிந்த நிலையில் 24 பீஸை அனுப்பிவிட்டோம். மூன்றாம் நாள் வாடிக்கையாளரின் அசெம்பிளி சூப்பர்வைசர் போன் செய்தார்.

“ஸ்பிகாட் நல்லா உட்காருதுங்க. ஆனா போல்ட் ஒண்ணுகூட இறங்கலைங்க. எட்டுமே ஒரே மாதிரி உள்பக்கம் தள்ளி நிக்குது.”

எட்டுமே ஒரே மாதிரி என்று அவர் சொன்னது பெரிய உதவியாக இருந்தது. ஃபிக்சரில் (மிஷினில் பீஸைப் பிடிக்கும் சாதனம்) பீஸ் நகர்ந்திருந்தால் எல்லாத் துளைகளும் ஒரே திசையில் தள்ளியிருக்கும். சில துளைகள் மட்டும் என்றால் கோணத்தில் தவறு. எட்டும் மையத்தை நோக்கி உள்ளே வந்திருக்கின்றன என்றால் பிசிடியே சின்னதாகிவிட்டது.

கடையில் இருந்த ஒரு பீஸை எடுத்து, எதிரெதிர் துளைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே வெர்னியர் வைத்தோம். 201 மிமீ. துளை 11ஐக் கழித்தால் பிசிடி 190. டிராயிங்கை எடுத்துப் பார்த்தால் 192 என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. அதாவது ஒவ்வொரு துளையும் 1 மிமீ உள்ளே. 11 மிமீ துளையில் 10 மிமீ போல்ட்டுக்கு ஒரு பக்கம் கிடைக்கும் இடைவெளி அரை மிமீதான். போல்ட் இறங்க வழியே இல்லை.

அப்படியானால் ஃபர்ஸ்ட் பீஸ் எப்படித் தேறியது? இன்ஸ்பெக்டர் வைத்திருந்த தாளிலும் 190 என்றுதான் இருந்தது. அந்தத் தாளைத் தயாரித்தவர் புரோகிராமர். செட்டப் ஷீட்டோடு சேர்த்து, மாடலிலிருந்து அளவுகளை எடுத்துப் போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அளந்ததும் சரி, எழுதியதும் சரி. மாடலை வைத்துச் செய்த பீஸை மாடலோடு ஒப்பிட்டால் பொருந்தத்தானே செய்யும். டிராயிங் அந்தச் சுற்றுக்குள் வரவே இல்லை.

கண்டுபிடித்தது

டிராயிங் ஃபைலைத் திறந்து 192ஐச் சொடுக்கினேன். பக்கத்துப் பலகையில் மதிப்பை ஓவர்ரைடு செய்யும், அதாவது மாடலின் எண்ணுக்குப் பதில் கையால் எண் தட்டும், கட்டம் டிக் ஆகியிருந்தது. டிக்கை எடுத்தவுடன் எண் 190க்கு வந்தது. மாடலின் ஸ்கெட்சிலும் 190. ரிவிஷன் அட்டவணையில் ரிவ் 2 என்று போட்டு, பிசிடி 190 இருந்தது 192 ஆனது என்று தேதியோடு பதிவும் இருந்தது. ஆக, மாற்றம் உண்மையானது, முறையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். மாடலுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

அந்த மாற்றத்தைச் செய்தவர் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார். போன் போட்டுக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்.

“மாடல்ல மாத்தினா ரிப் பக்கம் ஃபில்லட் எல்லாம் எர்ரர் ஆயிடுச்சுங்க சார். ஜிக் அன்னைக்குச் சாயங்காலமே டூல்ரூமுக்குப் போகணும்னாங்க. சரி, டிராயிங்ல மட்டும் போட்டுக் குடுத்துட்டு அப்புறம் மாடலைப் பார்த்துக்கலாம்னு விட்டேன்.”

அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய ஏற்பாட்டில் அவர் செய்தது பாகத்தைக் காப்பாற்றியது. டிராயிங் சரியாக இருந்ததால் ஜிக் சரியாக வந்தது, ஜிக் சரியாக இருந்ததால் ஆயிரக்கணக்கான துளைகள் சரியாக விழுந்தன. பிறகு நானே அந்த மாடலில் 192 கொடுத்துப் பார்த்தேன். துளையின் ஃபேஸ், ரிப் என்ற தாங்கு விலாவின் மூலை வளைவான ஃபில்லட்டைத் தொட்டு அவர் சொன்ன அதே எர்ரர் வந்தது. சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. சாயங்காலத்துக்குள் ஜிக் போக வேண்டிய நாளில் அந்த ஒன்றரை மணி நேரத்தை அவருக்கு யார் கொடுத்திருப்பார்கள்?

என்னை அதிகம் உறுத்தியது வேறு ஒன்று. அந்த டிராயிங்கில் 192 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் உண்மையாகவே மாடலோடு இணைந்திருந்த மற்ற எண்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒரே எழுத்து, ஒரே அம்பு, ஒரே கோடு. 1:2 அளவில் வரைந்த படத்தில் 1 மிமீ என்பது அரை மிமீ. எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது.

போர்டில் வரைந்த காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. வரைந்த உருவத்தோடு பொருந்தாத எண்ணை எழுத நேர்ந்தால், அந்த எண்ணுக்குக் கீழே தடித்த கோடு ஒன்று இழுப்போம். நம் கல்லூரிகளில் சொல்லித் தரும் எஸ்பி 46 என்ற இந்திய டிராயிங் தர நூலிலும் அது இருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் படத்தை நம்பாதே, எண்ணை நம்பு என்பது கடைக்காரருக்குப் புரிந்துவிடும். ஓவர்ரைடு செய்யும்போது மென்பொருள் தானாக அந்தக் கோட்டைப் போடுவதில்லை. நாங்களும் போடும் வழக்கத்தை விட்டுவிட்டோம்.

34 பீஸை என்ன செய்தோம்

முதலில் எது சரி என்பதை உறுதி செய்ய வேண்டும். வாடிக்கையாளரின் உறை டிராயிங்கை வரவழைத்தோம், பழைய ஜிக்கையும் அளந்தோம். இரண்டும் 192. பிறகுதான் பீஸைக் காப்பாற்றும் பேச்சு.

பழைய துளைகளுக்கு நடுவே, 22.5 டிகிரி தள்ளி, 192இல் புதிதாக எட்டுத் துளை போடலாம் என்று ஒருவர் சொன்னார். உலோகம் தாராளமாக இருக்கிறது. ஆனால் பிராக்கெட்டின் பாதம் கீழே இருந்தால் பம்பின் டெலிவரி வாய் நேராக மேலே நிற்க வேண்டும். துளையைத் திருப்பினால் பம்பே சாய்ந்து நிற்கும். அது ஆகாது.

துளையை 13 மிமீக்குப் பெரிதாக்கிவிட்டால் போல்ட் இறங்கிவிடும் என்று கடையில் சொன்னார்கள். வேகமான வழி அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். துளையின் மையம் போல்ட்டின் மையத்திலிருந்து 1 மிமீ உள்ளே இருப்பதால், உள்பக்கத்து விளிம்பு போல்ட் மையத்திலிருந்து 7.5 மிமீ தூரத்தில் வரும். எம்10 போல்ட்டின் தலை தட்டைக்குத் தட்டை 16 மிமீ என்றால் பாதி 8. அந்தப் பக்கம் தலை உட்கார அரை மிமீதான் மிஞ்சும். அதிரும் பம்பில் இதை விட எனக்குத் துணிவில்லை.

கடைசியில் செய்தது ஸ்லாட். அதே ஃபிக்சரில் பீஸை ஏற்றி, ஒவ்வொரு துளையையும் வெளிப்பக்கமாக 1 மிமீ மட்டும் நீட்டினோம். அகலம் 11ஆகவே இருக்கும், நீளம் 12. போல்ட் தன் சரியான இடத்தில் நிற்கும். உள்பக்கம் தலைக்கு ஒன்றரை மிமீ இருக்கை கிடைக்கும். அதோடு 20 மிமீ வாஷர் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தோம். உறையின் மையத்தைப் பிடிப்பது ஸ்பிகாட் என்பதால் இதனால் ஓட்டத்தில் கோணல் வராது. வாடிக்கையாளர் அந்த லாட்டுக்கு மட்டும் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தார். அவரிடம் போன 24 பீஸையும் எங்கள் வண்டியிலேயே திரும்ப எடுத்து வந்தோம். மீதி 6 வார்ப்பையும் திருத்திய மாடலில் போட்டோம்.

மற்ற டிராயிங்குகளில் இருந்தது

ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும். கடையில் நடப்பில் இருந்த 63 டிராயிங்குகளையும் ஒரு வாரம் எடுத்துப் பார்த்தோம். ஒவ்வோர் எண்ணாகச் சொடுக்க முடியாது என்பதால், ஓவர்ரைடு ஆகியிருக்கும் அளவுகளைத் தேடிப் பட்டியல் போடும் சின்ன மேக்ரோ ஒன்றை எழுதினோம். 41 இடங்கள் வந்தன.

அவற்றில் 29 வெறும் அழகுக்காகச் செய்தவை. வாடிக்கையாளர் கொடுத்த ஸ்டெப் ஃபைலில் (மென்பொருள்களுக்கு இடையே மாடலைப் பரிமாறும் ஃபைல் வகை) 24.998 என்று வந்ததை 25 என்று தட்டியிருக்கிறார்கள். தசம இடத்தைக் குறைத்திருந்தாலே அது 25 என்றுதான் காட்டியிருக்கும்.

9 இடங்களில் டாலரன்ஸைக் கையால் எழுத்தாகத் தட்டியிருந்தார்கள். இதை முதலில் சாதாரணமாக நினைத்தேன். பிறகு ஒன்று கண்ணில் பட்டது. ஹெச்7 என்ற டாலரன்ஸ் வகுப்பில் கடையும் துளைக்கு 130 மிமீயில் மேல் எல்லை 0.040. 180 மிமீக்கும் அதே படிதான் என்பதால் அங்கேயும் 0.040. அந்த டிராயிங்கை நகல் எடுத்து 110 மிமீ ஸ்பிகாட் உள்ள சின்ன மாடலுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். விட்டம் மாடலோடு மாறிவிட்டது. கையால் தட்டிய 0.040 அப்படியே நின்றுவிட்டது. 110க்கு ஹெச்7 என்றால் 0.035தான். அளவு இணைந்திருந்தும் அதன் டாலரன்ஸ் இணையாமல் இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

மிச்சம் 3. அவைதான் மாடலுக்கும் டிராயிங்குக்கும் உண்மையான வேறுபாடு. ஒன்று நம் 192. இன்னொன்று ஒரு பாஸின் (வார்ப்பில் துருத்தி நிற்கும் மேடு) உயரம். மூன்றாவது, வேறொரு உறையின் ரிப் கனம்: டிராயிங்கில் 10, மாடலில் 8. ஃபவுண்டரி கேட்டு எப்போதோ கூட்டியது. இது எனக்கு மிகவும் வருத்தத்தைக் கொடுத்தது. வார்ப்புக்கு நாங்கள் கிலோ கணக்கில் பணம் கொடுக்கிறோம். மாடல் சொல்லும் எடையை வைத்து, வார்ப்பு அதிக எடை வருகிறது என்று அந்த ஃபவுண்டரிக்காரரோடு பலமுறை வாதம் செய்திருக்கிறோம். அவர் டிராயிங்கில் உள்ளபடி 10 மிமீ ரிப்தான் வார்த்திருந்தார். தவறு எங்கள் மாடலில். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இவை தவிர, ஓவர்ரைடு கணக்கில் வராத இன்னொரு வகை இருந்தது. துளைக் குறிப்பை மென்பொருளின் துளைக் குறிப்புக் கட்டளையில் எடுக்காமல், 8 துளை, விட்டம் 11 என்று வெறும் நோட்டாக எழுதி அம்பு மட்டும் வைத்திருந்தார்கள். அது அளவே இல்லை, எழுத்து. மேக்ரோவுக்கு அது தெரியாது. இவற்றைக் கண்ணால்தான் தேட வேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் தீர்க்க வேண்டியது எது சட்டம் என்பது. மாடல் என்று முடிவு செய்தோம். விஎம்சி மாடலைத்தான் படிக்கிறது. எடை அதிலிருந்துதான் வருகிறது. ஃபவுண்டரியின் பேட்டர்ன் கடையும் இப்போது ஸ்டெப் ஃபைல் கேட்கிறது. நிஜம் ஏற்கெனவே மாறிவிட்டது, நாங்கள் அதை எழுதி வைத்தோம், அவ்வளவுதான்.

அப்படியானால் டிராயிங்கே எதற்கு, எல்லா அளவையும் மாடலிலேயே ஒட்டிவிடலாமே என்ற கேள்வியும் வந்தது. அதற்கென்று முறை இருக்கிறது. ஏஎஸ்எம்இ ஒய்14.41 என்ற தரம் 2003இலேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் மிஷின்களுக்குப் பக்கத்தில் திரை கிடையாது. வாடிக்கையாளரும் கையெழுத்திட்ட டிராயிங்தான் கேட்கிறார். அதனால் அதை எடுக்கவில்லை.

அடுத்து, டிராயிங்கில் அளவை எப்படிக் கொண்டு வருவது. சாலிட்வொர்க்ஸில் இரண்டு வழி. மாடலின் ஸ்கெட்சிலும் ஃபீச்சரிலும் இருக்கும் அளவுகளையே டிராயிங்குக்குள் இழுப்பது ஒன்று. டிராயிங்கில் விளிம்புகளைத் தொட்டுப் புதிதாக அளவு எடுப்பது இன்னொன்று. முதல் வகை கருப்பாகத் தெரியும், இரண்டாவது சாம்பல் நிறத்தில் தெரியும். சாம்பல் என்றால் இணைப்பு இல்லை, மாடல் மாறினால் மாறாது என்று எங்கள் ஆட்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உண்மை அதுவல்ல. இரண்டுமே மாடலைப் பின்தொடரும். வேறுபாடு திசையில்தான். கருப்பை டிராயிங்கிலேயே மாற்றினால் மாடலும் மாறும். சாம்பல் மாடலைப் படித்துக் காட்ட மட்டும் செய்யும். மாடலைப் பின்தொடராதவை மூன்றுதான்: ஓவர்ரைடு செய்த எண், எழுத்தாகத் தட்டிய எண், பிடித்திருந்த விளிம்பு காணாமல் போய்த் தொங்கும் எண்.

சம்பவத்தின் சூட்டில் நாங்கள் எடுத்த முடிவு, எல்லா அளவையும் கருப்பாகவே, அதாவது மாடலிலிருந்தே இழுக்க வேண்டும் என்பது. ஓவர்ரைடுக்குத் தடை. தவிர்க்கவே முடியாத இடத்தில் ஓவர்ரைடு செய்தால் எண்ணுக்குக் கீழே கோடு இழுக்க வேண்டும், ரிவிஷன் அட்டவணையில் மாடல் நிலுவை என்று எழுத வேண்டும். ஃபர்ஸ்ட் பீஸ் தாளைத் தயாரிப்பவர் இனி புரோகிராமர் இல்லை, இன்ஸ்பெக்டர். அவர் அச்சான டிராயிங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும், மாடலைத் திறக்கவே கூடாது. இரண்டு வழிகளும் தனித்தனியாக வந்து ஒரு இடத்தில் சந்தித்தால்தான் அது சோதனை.

பின்பு நடந்தது

கடைசி இரண்டு முடிவுகளும் நன்றாக நின்றன. முதலாவதில் சறுக்கினோம்.

மாடலிலிருந்து இழுத்த அளவுகள் மாடல் செய்தவரின் மனப்போக்கில் வந்தன. அவர் பிராக்கெட்டை நடுத் தளத்திலிருந்து இருபுறமும் வளர்த்திருந்தார். அதனால் ஆழங்கள் எல்லாம் நடுத் தளத்திலிருந்து வந்து நின்றன. மிஷினில் நிற்பவருக்கு நடுத் தளம் என்று ஒன்று கிடையாது. அவர் கையால் தொடக்கூடியது மோட்டார் உட்காரும் முகம் மட்டும். சீனியர் ஆப்பரேட்டர் ஒருவர் டிராயிங்கோடு வந்து, “தம்பி, இதுல நான் எங்க இருந்து அளக்கறது?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அதுவரை தேவையே இல்லாதிருந்த கூட்டல் கழித்தலை அவர் தலையில் வைத்திருந்தோம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி இரண்டு மாதம் கழித்து. புதிதாகச் சேர்ந்த ஒருவர், 180 ஸ்பிகாட் மாடலுக்கு ஒரு மாதிரி பார்க்க, டிராயிங்கில் இருந்த ஆழ அளவை இருமுறை சொடுக்கி மாற்றிப் பார்த்தார். கருப்பு அளவு என்பதால் மாடல் மாறியது. மாற்றம் எல்லாக் கான்ஃபிகரேஷனுக்கும் (ஒரே மாடல் ஃபைலுக்குள் இருக்கும் வெவ்வேறு அளவு வடிவங்கள்) என்று இருந்ததால் 130 ஸ்பிகாட் மாடலும் சேர்ந்து மாறியது. சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை 130 டிராயிங்கை வேறொரு வேலைக்காகத் திறந்த பெண், ரிவிஷன் மாறாமல் எண் மாறியிருக்கிறதே என்று கேட்டதால் தப்பித்தோம். இணைப்பு இல்லாததால் ஒரு லாட் போனது. இந்த முறை இணைப்பு இருந்ததாலேயே இன்னொன்று போயிருக்கும்.

அதன் பிறகு விதியைத் திருத்தினோம். இப்போது எங்கள் டிராயிங்கில் பெரும்பாலான அளவுகள் சாம்பல்தான். மெஷினிங் செய்பவர் தொடும் முகத்திலிருந்து, இன்ஸ்பெக்டர் வெர்னியர் வைக்கும் இடத்தில் எடுத்தவை. ஸ்பிகாட் விட்டம், பிசிடி போன்ற இணைப்பு அளவுகளை மட்டும் மாடலிலிருந்து இழுக்கிறோம். அவற்றின் டாலரன்ஸையும் மாடலிலேயே கொடுத்துவிடுவதால், விட்டம் மாறினால் ஹெச்7இன் எல்லையும் தானாக மாறுகிறது. வெளியிட்ட மாடல்கள் எழுத முடியாத ஃபோல்டரில் இருக்கின்றன. டிராயிங்கில் யார் எதைச் சொடுக்கினாலும் அவற்றின் மேல் சேமிக்க முடியாது.

தொங்கும் அளவுகளும் கொஞ்சம் தொல்லை கொடுத்தன. மாடலில் ஃபில்லட்டை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டால், அந்த ஃபில்லட்டின் விளிம்பைப் பிடித்து எடுத்த அளவு அறுந்துவிடுகிறது. திரையில் நிறம் மாறித் தெரியும். ஆனால் கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் பழைய எண்ணோடு மற்றவற்றைப் போலவே அச்சாகிவிடும். இதற்கு இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். ஃபில்லட் விளிம்பைப் பிடித்து அளவு எடுப்பதில்லை. மெஷினிங் செய்த முகத்தையோ துளையின் அச்சையோதான் பிடிக்கிறோம். பிடிஎஃப் ஆக்கும் முன் டிராயிங்கை முழுத் திரையில் வண்ணத்தோடு ஒருமுறை பார்க்கிறோம்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

எங்களிடம் வேலை வாங்கும் இரண்டு சின்னக் கடைகளுக்கும் இதைச் சொன்னேன். ஒன்றில் இன்னும் ஆட்டோகேடில் 2டி மட்டும்தான். அங்கேயும் இதே கதைதான். அளவின் பண்புகளில் எழுத்தை ஓவர்ரைடு செய்யும் இடம் இருக்கிறது. அங்கே எண் தட்டியிருந்தால் கோட்டை நீட்டினாலும் எண் நகராது. டிம்அசோக் என்ற மாறி 2 ஆக இருந்தால்தான் புதிய அளவுகள் கோட்டோடு ஒட்டும். அன்னோமானிட்டர் என்ற மாறியை ஆன் செய்து வைத்தால், ஒட்டு விட்டுப்போன அளவின் பக்கத்தில் மஞ்சள் குறி காட்டும். அவர்கள் அதை ஆன் செய்த அன்றே ஒரு டிராயிங் முழுக்க மஞ்சளாகிவிட்டது என்றார்கள்.

இன்னொரு கடையில் ஃபிரீகேட் என்ற இலவச 3டி மென்பொருள். அதன் டிராயிங் பகுதியான டெக்டிராவில் அளவு எடுக்கும்போது அது படத்தில் உள்ள விளிம்பின் வரிசை எண்ணைப் பிடித்துக்கொள்ளும். மாடலில் ஒரு துளையைக் கூட்டினால் விளிம்புகளின் எண் மாறி, அளவு வேறு விளிம்புக்குத் தாவிவிடலாம். அறுந்த அளவாவது நிறம் மாறிக் காட்டும். தாவிய அளவு எதையும் காட்டாது. அந்த அளவை 3டி உருவத்தோடு இணைக்கும் கட்டளை ஒன்று உண்டு. முக்கியமான அளவுகளுக்கு அதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் மாடலுக்குள் இப்படி விளிம்பு, முகங்களின் எண் மாறும் சிக்கலைப் பெரிதும் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் மாடலை மாற்றிய பிறகு டிராயிங்கில் ஒவ்வோர் அம்பும் எதைத் தொடுகிறது என்று பார்க்கும் வேலையை விடக்கூடாது.

மறுபடி செய்வதானால்

விஎம்சி வந்த அன்றே 63 டிராயிங்கையும் மாடலோடு ஒப்பிட்டிருப்பேன். ஒரு வாரம் ஆகும் என்று அப்போது தோன்றியிருக்கும். ஒரு வாரம்தான் ஆனது.

ஓவர்ரைடுக்குத் தடை என்று எழுதுவதற்கு முன், ஏன் ஓவர்ரைடு செய்கிறார்கள் என்று கேட்டிருப்பேன். அந்த 41 இடங்களில் ஒன்றுகூடச் சோம்பலில் வந்ததில்லை. மாடல் எர்ரர் கொடுத்தது, வேறொருவர் ஃபைலைத் திறந்து வைத்திருந்தார், தசமம் அசிங்கமாகத் தெரிந்தது, வண்டி வாசலில் நின்றது. மாடலை எளிதாக மாற்றும்படி கட்டியிருந்தால் பாதி ஓவர்ரைடு பிறந்தே இருக்காது. இப்போது புதிய மாடலை வெளியிடும் முன், பிசிடி, ஸ்பிகாட், ரிப் கனம் மூன்றையும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் மாற்றிப் பார்க்கிறோம். எர்ரர் வந்தால் அப்போதே சரி செய்கிறோம்.

மூன்று உண்மையான வேறுபாடுகளில் இரண்டைத் தீர்த்துவிட்டோம். பாஸ் உயரம் மட்டும் நிலுவை. பழைய பிரிண்டில் 16, மாடலில் 14, கையில் இருக்கும் பீஸில் 15க்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. வாடிக்கையாளரிடம் கேட்டிருக்கிறோம், அவரும் தேடிக்கொண்டிருக்கிறார். அதுவரை அந்த டிராயிங் 16 என்ற எண்ணுக்குக் கீழே தடித்த கோட்டோடு கடைக்குப் போகிறது.